கையில் குச்சி... கண்ணில் வானம்!



ஆண்டு மலருக்கு எழுத உட்கார்ந்தால் பாதிப் பேர் 'மாணவனே, விழித்தெழு!' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள. நாமோ முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையிலேயே விழித்தெழுகிற கூட்டம். ஆகவே அந்த வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, கேன்டீனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"மச்சி, ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்ட ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கணும். கம்மி விலையில எது நல்லா இருக்கும்?"

கேட்கிறவர்களில் பலர் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கத்து ஆட்கள். நம் வீடுகளில் நாலாயிரம் ரூபாய் என்பது சும்மா வருகிற பணம் இல்லை. நெல் போட்ட காசோ, கம்பெனி ஷிப்டு காசோ, அம்மா குழுவில் எடுத்த கடனோ... ஏதோ ஒன்றிலிருந்து பிய்த்துத்தான் வரும். "விளையாட்டுச் சாமானுக்கா இவ்வளவு?" என்று அப்பா கேட்டால், தலையைச் சொறியாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கடையில் எது குறைந்த விலை என்று பார்க்காதீங்க. ரெண்டு வருஷம் கழித்துக் கெட்டுப்போகும்போது, ஸ்குரூ டிரைவரை எடுத்து நாமே திறந்து சரி பண்ண முடிகிற குச்சி எதுவோ, அதுதான் நமக்குக் குறைந்த விலை. அதைவிடவும் குறைவு, நாமே செய்த குச்சி. டிப்ளமோ படிக்கிறவன் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

முதலில், குச்சி அவசியமா என்பதைப் பார்த்துவிடுவோம். கீபோர்டிலேயே ஓட்டலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ஓட்டலாம், தடுமாறித் தடுமாறி! அம்புக்குறிச் சாவி ஒரு சுவிட்ச். அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. விமானம் சுவிட்சுக்குக் கட்டுப்படுகிற வண்டி இல்லை. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்று அளந்து கொடுத்தால்தான் கேட்கும்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம் பார்த்திருப்பீங்க. வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் தேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. அவர் தேர் ஓரமாகச் சாய்ந்தபிறகு பெரிய கட்டையைத் தூக்கிப் போடுவதில்லை. போகிற போக்கைப் பார்த்து, முன்கூட்டியே, சின்னதாக ஒரு கட்டை. அவ்வளவுதான், தேர் திரும்பிவிடும். விமானமும் அந்த ஜாதிதான். கனமான பொருள், சொன்னதைச் சற்றுத் தாமதித்துக் கேட்கும். சின்னச் சின்னத் திருத்தம், அதுவும் முன்கூட்டியே. அந்தச் சின்னத் திருத்தத்தைக் கொடுக்க வசதியான கருவிதான் ஜாய்ஸ்டிக்.

"அப்போ என்கிட்ட கேம்பேட் இருக்கே, அதுல குட்டிக் குச்சி ரெண்டு இருக்கே" என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்க்கலாம். வில்லின் நீளம் ஆரம் பெருக்கல் கோணம், நமக்குத் தெரிந்ததுதான். கேம்பேடில் கட்டை விரல் குச்சியின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி சாய்த்தால் விரல் நகர்வது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஜாய்ஸ்டிக்கில் கைப்பிடி 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் அதே 20 டிகிரிக்குக் கை நகர்வது 7 சென்டிமீட்டர். சென்சார் ரெண்டிலும் ஒரே தரமாக இருந்தாலும், கைக்குக் கிடைக்கிற இடம் பதினாலு மடங்குக்குக் கிட்டே! தரையிறங்கும்போது மூக்கைக் கொஞ்சூண்டு தூக்கணும் என்றால் இந்த இடம்தான் காப்பாற்றும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: கேம்பேட் ஏற்கனவே வீட்டில் இருந்தால் மூணு மாசம் அதிலேயே ஓட்டுங்கள். மூணு மாசம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் அப்புறம் குச்சியைப் பற்றி யோசிக்கலாம். ஆசை குறைந்துவிட்டால் நாலாயிரம் மிச்சம்.

விளையாட்டுச் சாமான் என்று திட்டுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்று ஒருவர். அவருடைய அப்பா பியானோ, ஆர்கன் வாத்தியம் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கோ விமானப் பைத்தியம். ஆனால் பறக்கக் கற்றுக்கொள்ளும் கட்டணம் பயங்கரம். என்ன செய்தார்? ஆர்கனில் காற்று ஊதுகிற துருத்தியையும் வால்வுகளையும் எடுத்து ஒரு மரப் பெட்டிக்கு அடியில் பொருத்தினார். பெட்டிக்குள் உட்கார்ந்து குச்சியை அசைத்தால் துருத்தி ஏறி இறங்கிப் பெட்டி சாயும், நிமிரும். 1929-ல் உருவான இந்த 'லிங்க் ட்ரெய்னர்' ஆரம்பத்தில் பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான் விலைபோனது. பிறகு 1934-ல் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து செத்தபோது, அமெரிக்க ராணுவம் அதே பெட்டிகளைத் தேடி வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள். ஆக, சிமுலேட்டர் என்பதே காசு பத்தாதவன் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய பொருள்தான். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்; கேட்டால் லாபம்.

சரி, குச்சிக்குள் என்னதான் இருக்கிறது?

கீழே ஒரு கிம்பல். குச்சியை முன்பின், இடவலம் என்று ரெண்டு அச்சிலும் சாயவிடுகிற கீல் அமைப்பு. நடுவுக்குத் திரும்பிவர ஸ்பிரிங். ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு சென்சார். பெரும்பாலான மலிவான குச்சிகளில் அந்த சென்சார், நாம் முதலாண்டு லேபிலேயே தொட்டுப் பார்த்த பொட்டென்ஷியோமீட்டர்தான். கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு தேய்த்துக்கொண்டே போகும். தேய்கிற பொருள் ஒருநாள் தேய்ந்துதானே தீரும்? தாத்தா வீட்டு ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்பினால் 'கர்ர்ர்...' என்று ஒரு சத்தம் வருமே, அதே வியாதிதான். ரேடியோவில் காதுக்குக் கேட்கும். ஜாய்ஸ்டிக்கில் விமானம் தானாக உதறும். அதிலும் கொடுமை என்னவென்றால், குச்சி பெரும்பாலான நேரம் நிற்பது நடுவில். தேய்வது அந்த நடு இடம்தான். நமக்கு நுணுக்கமாக வேண்டியதும் அதே நடு இடம்தான்!

இதற்கு மாற்று ஹால் எஃபெக்ட் சென்சார். 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவு. பாடப் புத்தகத்தில் ரெண்டு மார்க் கேள்வி. மின்னோட்டம் ஓடுகிற கடத்திக்குக் குறுக்கே காந்தப் புலம் வைத்தால் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் கிடைக்கும். குச்சியில் காந்தத்தை ஒட்டி, அடியில் சென்சாரை வைத்துவிட்டால் காந்தம் நகர நகர மின்னழுத்தம் மாறும். ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. தொடாதது தேயாது.

இங்கேதான் பெட்டியைப் பார்த்து ஏமாறுகிற இடம் வருகிறது. 'ஹால் எஃபெக்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எந்த அச்சில் என்று போட்டிருக்காது. உதாரணத்துக்கு த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம். நல்ல குச்சி, சந்தேகமே வேண்டாம். முன்பின், இடவலம் ரெண்டுக்கும் ஹால் சென்சார், 14 பிட் நுணுக்கம். அதாவது ஒரு அச்சுக்கு 16,384 படிகள். இடது கைக்காரர்களும் கைப்பிடியின் பாகங்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கைப்பிடியை முறுக்குகிற அச்சு மட்டும் பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான். முதலில் நடுங்க ஆரம்பிப்பதும் அதுதான்.

லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ என்பது நம் ஆட்கள் அதிகம் விசாரிக்கிற மற்றொன்று. 12 பட்டன், மேலே கட்டை விரலுக்கு எட்டுத் திசை ஹாட் சுவிட்ச், அடியில் த்ராட்டில் நெம்புகோல், முறுக்கினால் ரட்டர். உள்ளே பொட்டென்ஷியோமீட்டர்கள். முக்கிய ரெண்டு அச்சுகளும் 10 பிட், அதாவது 1024 படிகள். முறுக்கும் த்ராட்டிலும் 8 பிட், 256 படிகள். 'வெறும் 10 பிட்டா?' என்று முகம் சுளிக்காதீங்க. ஆயிரம் படி நமக்குத் தாராளம். நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். பல வருஷமாக விற்கிற சரக்கு என்பதால் பழையதும் கிடைக்கும், எப்படித் திறப்பது என்று காட்டுகிறவர்களும் உண்டு, உதிரி பாகமும் சாதாரணப் பொருள்தான். வாரண்டி முடிகிற வரை மட்டும் ஸ்குரூ டிரைவரை ஒளித்து வையுங்கள்!

வி.கே.பி. போன்ற கம்பெனிகள் முக்கிய அச்சுகளில் தேயாத சென்சார் போட்டு அருமையான குச்சிகள் செய்கின்றன. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் தலையில் ஏறும். வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹோட்டாஸ் என்று த்ராட்டிலையும் குச்சியையும் தனித்தனியாகக் கொடுக்கிற செட் இருக்கிறதே, அதுவும் அப்படித்தான். "ஹோட்டாஸ் இல்லாம சிமுலேட்டரே வேஸ்ட்டு" என்று நம் ஹாஸ்டலில் ஒரு கோஷ்டி பேசுகிறது. போர் விமான விளையாட்டுக்கு அது சுகம், ஒத்துக்கொள்கிறேன். மாதத் தவணையில் வாங்குகிற அளவுக்கு அது அவசியம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தவணை முடிவதற்குள் மூணு அரியர் சேர்ந்துவிடும்.

எதை விட்டாலும் முறுக்கு ரட்டரை மட்டும் விடாதீர்கள். ஏன் என்று நம் ஊரை வைத்தே சொல்கிறேன். லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 1500 மீட்டர் நீளம். அதனால்தான் இங்கே பெரிய ஜெட் வருவதில்லை. 2024 டிசம்பரில் இண்டிகோ ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் சேவை தொடங்கியபோதும் இறக்கை மேல் ரெண்டு விசிறி சுற்றுகிற ஏ.டி.ஆர். விமானத்தைத்தான் கொண்டுவந்தது. (ஓடுபாதையை நீட்டத் தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக ஓடுகிறது, ஓடுபாதைதான் ஓடவில்லை!) அந்த ஓடுபாதையின் திசை எண்கள் 07, 25. அதாவது ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கி. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தால், 07-ல் இறங்குகிற விமானத்துக்கு அது வலது பக்கத்திலிருந்து குறுக்குக் காற்று. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நண்டு மாதிரி வந்து, கடைசி நேரத்தில் ரட்டரால் நேராக்கி, இறக்கையைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்த்து இறக்க வேண்டும். கையும் ரட்டரும் எதிரெதிராக ஒரே சமயத்தில் வேலை செய்யணும். ரட்டர் பெடல் தனியாக வாங்கினால் குச்சி விலையைத் தாண்டிவிடும். கைப்பிடி முறுக்கினால் அது இலவசம்.

(சிமுலேட்டரில் உன்னிப்பாகப் பார்க்கிறவர்கள் ஒன்று கேட்பார்கள்: ஏ.டி.ஆரில் இருப்பது குச்சி இல்லையே, கார் ஸ்டியரிங் மாதிரி யோக் அல்லவா? ஆமாம். ஏர்பஸ் ஏ320-ல்தான் பக்கவாட்டில் குச்சி. நம் சூலூரில் நிற்கிற தேஜஸில் நடுவில் குச்சி. நமக்கு மூணுக்கும் ஒரே குச்சிதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வோம்.)

இனி, பழைய குச்சி. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டை, செருப்பு, ரிமோட், சார்ஜர் குவியலுக்கு நடுவே சில சமயம் ஜாய்ஸ்டிக்கும் தலை காட்டும். கையில் ஓ.டி.ஜி. கேபிளும், போனில் கேம்பேட் சோதிக்கிற ஒரு ஆப்பும் வைத்துக்கொள்ளுங்கள். செருகிவிட்டு முதலில் குச்சியைத் தொடாதீங்க. தொடாமலேயே எண் குதித்தால் நடு இடம் தேய்ந்திருக்கிறது. அப்புறம் மெதுவாக ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, வட்டமாக, கடைசியில் முறுக்கு. எண் தாவாமல் ஓடணும். பட்டன் ஒவ்வொன்றும். ஒயர் உடம்புக்குள் நுழைகிற கழுத்தை ஆட்டிப் பாருங்கள்; இணைப்பு போய்ப் போய் வந்தால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. அறுந்த ஒயர் பெரிய குறை இல்லை, சால்டரிங் ராடு நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கத் தெரியணும். எண் லேசாக நடுங்கினால், திறந்து காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்து இருபது தடவை திருப்பினால் பல நேரம் சரியாகிவிடும். தடமே தேய்ந்திருந்தால் புதுசு போட வேண்டியதுதான். கிம்பல் உடைந்த குச்சியை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க.

குவியலில் 15 முள் கனெக்டர் வைத்த கிழட்டுக் குச்சி கிடைத்தால்? 1981-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த கேம் போர்ட் காலத்து முறை அது. இன்றைய கம்ப்யூட்டரில் செருகவே இடம் இல்லை. ஆனால் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு அது ஒரு தங்கக் கட்டி. அந்தக் காலத்தில் மின்னழுத்தத்தை எண்ணாக்க ஏ.டி.சி. போடாமல், குச்சியின் ரெசிஸ்டன்ஸ் வழியாக ஒரு கப்பாசிட்டரைச் சார்ஜ் செய்து, அது நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கம்ப்யூட்டரையே எண்ண வைத்தார்கள். லேபில் 555 வைத்து மோனோஸ்டேபிள் போடுகிறோமே, அதுதான்! அதன் நாலு மடங்கு அண்ணன் 558 அந்தக் கார்டில் உட்கார்ந்திருந்தது. சிக்கனம் என்றால் அது சிக்கனம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்ற பெயரில் நாம் என்ன செய்கிறோம்? நாலைந்து பேர் காசு போட்டு, ப்ராஜெக்ட் சென்டரில் ஒரு டிராஃபிக் லைட்டையோ, கார் பார்க்கிங்கையோ ரெடிமேடாக வாங்கி, புத்தகத்தையும் அங்கேயே பைண்டு பண்ணி, வைவாவில் "சார், இது மைக்ரோ கன்ட்ரோலர் சார்" என்று முழிக்கிறோம். எல்லோரும் இல்லை, ஆனால் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். வைவா முடிந்ததும் அந்த டிராஃபிக் லைட் பரண்மேல் ஏறிவிடும். அதே ஐந்து பேர், அதே காசில் பாதி போட்டால், ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் செய்யலாம். வைவாவுக்குப் பிறகும் அது ஓடும்.

என்னென்ன வேண்டும்? அர்டுயினோவில் யூனோ வேண்டாம். லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ வேண்டும். அவற்றில் இருக்கிற ஏ.டி.மெகா 32யு4 சிப்புக்கு யு.எஸ்.பி. நேரடியாகத் தெரியும். அதனால் கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக் என்றே ஏற்றுக்கொள்ளும், டிரைவர் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஜாய்ஸ்டிக் லைப்ரரி இலவசமாகவே இருக்கிறது. போர்டும் மற்ற உதிரிகளும் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

சென்சார் விஷயத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பொட்டென்ஷியோமீட்டர் போட்டால் 'பி 10 கே' என்று கேளுங்கள். 'பி' என்றால் நேர்கோட்டில் மாறுவது. ஆடியோவுக்கான 'ஏ' வாங்கிவிட்டால் குச்சி ஒரு பக்கம் சோம்பேறி, மறுபக்கம் முரடன். அந்தக் கிழட்டு கேம் போர்ட் குச்சியில் இருப்பது 100 கே; அதிலும் ரெண்டு கால் மட்டும்தான் இணைத்திருப்பார்கள். மூணாவது காலை கிரவுண்டில் இணைத்தால்தான் ஏ.டி.சி.க்கு வோல்டேஜ் டிவைடராக வேலை செய்யும். ஏ.டி.சி.க்கு 10 கே-க்குள் இருந்தால்தான் பிடிக்கும் என்பதால், 100 கே-யையே வைத்துக்கொள்வதானால் உள்ளீட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று போடுங்கள்.

இன்னொரு கணக்கு. பொட்டென்ஷியோமீட்டர் மொத்தம் ஏறக்குறைய 300 டிகிரி சுற்றும். நம் குச்சி ரெண்டு பக்கமும் சேர்த்துச் சாய்வது 40 டிகிரி. அதை நேரடியாக அச்சில் மாட்டினால் 1024 படிகளில் நமக்குக் கிடைப்பது 136 மட்டுமே! மிச்சம் எல்லாம் வீண். பல்சக்கரம் போட்டுப் பெருக்கலாம். மெக்கானிக்கல் நண்பர்களை இழுத்துவர நல்ல சாக்கு. அல்லது எஸ்.எஸ்.49இ என்ற நேர்கோட்டு ஹால் சென்சார். 5 வோல்ட் கொடுத்தால், காந்தம் இல்லாதபோது 2.5 வோல்ட் காட்டும். ஒரு துருவம் நெருங்கினால் ஏறும், மறு துருவம் நெருங்கினால் இறங்கும். ரெண்டு சின்ன நியோடிமியம் காந்தத்தை எதிரெதிர்த் துருவமாக வைத்து நடுவில் சென்சாரை நிறுத்தி, இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, 40 டிகிரிக்குள்ளேயே படிகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். கம்பெனிக்காரர்கள் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிற சமாசாரம் இதுதான். தனியாக வாங்கினால் அந்தச் சென்சார் ஒரு பிரியாணி விலைகூட வராது.

கிம்பல்தான் கஷ்டம், மறைக்கவில்லை. பேரிங், ஸ்பிரிங், நடுவில் ஆட்டம் இல்லாமல் நிற்பது... ரெண்டு மூணு தடவை உடைத்து உடைத்துச் செய்ய வேண்டியிருக்கும். பட்டறை சார் திட்டுவார். ஆனால் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் மூணு துறையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டிய ப்ராஜெக்ட் வேறு எது இருக்கிறது? இன்டர்வியூவில் "என்ன ப்ராஜெக்ட்?" என்று கேட்டால் அந்தக் குச்சியையே மேஜையில் வைக்கலாம். டிராஃபிக் லைட்டை எவன் தூக்கிக்கொண்டு போவான்?

ட்ரோன் கனவு உள்ளவர்களுக்கு மட்டும் வேறு அறிவுரை. 2021 ட்ரோன் விதிகளின்படி, 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி எடுத்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். பாகூர் வயலில் மருந்து தெளிக்க நாளைக்கு அதுதான் பிழைப்பு ஆனாலும் ஆகலாம். அவர்கள் ஜாய்ஸ்டிக் வாங்க வேண்டாம். யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் செருகக்கூடிய ரேடியோ டிரான்ஸ்மிட்டராகவே வாங்கிவிடுங்கள். வீட்டில் சிமுலேட்டருக்கு அதுவே குச்சி, வெளியே ட்ரோனுக்கும் அதே குச்சி. பழகுகிற கையும் ஒன்றுதான்.

சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-லும் 2024-லும் மேலிருந்து எடுத்த நிஜப் படங்களை வைத்து ஊரைக் காட்டுகிறார்கள். ஊசுட்டேரி, பாகூர் ஏரி எல்லாம் தெரியும். ஆனால் அதற்கு வேண்டிய கிராஃபிக்ஸ் கார்டும் நெட்டும் நம் கிராமத்து வீட்டில் எங்கே? ஃப்ளைட்கியர் இருக்கிறது. 1996-ல் யோசனையாகத் தொடங்கி 1997-ல் வெளிவந்த, மூல நிரலோடு கிடைக்கிற இலவச மென்பொருள். ஒரு முறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் பறக்கலாம். வி.ஓ.பி.சி. என்று கொடுத்தால் நம் ஓடுபாதையில் செஸ்னா 172 நிற்கும். சுற்றியுள்ள ஊர்கள் பெரும்பாலும் பொதுவான பச்சை வண்ணம்தான், வில்லியனூர் கோபுரத்தைத் தேடாதீங்க. ரன்வே ஒழுங்காக இருக்கிறது, காற்று ஒழுங்காக அடிக்கிறது, நமக்கு அது போதும். குச்சியைச் செருகியதும் விண்டோஸில் 'ஜாய் டாட் சி.பி.எல்.' என்று ஓட்டி அச்சுகளைச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் சிமுலேட்டருக்குள் போங்கள். நடுவில் கொஞ்சம் நடுங்கினால் டெட் ஸோனை ரெண்டு சதவீதம் வையுங்கள். பத்து வைத்தால் நோய் தெரியாது, ஆனால் குச்சியின் நடுப்பகுதியும் செத்துவிடும்.

கடைசியாகப் பேரவைக்கு ஒரு கோரிக்கை. கேரம் போர்டுக்கும் கிரிக்கெட் பேட்டுக்கும் காசு ஒதுக்குகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கிலேயே முறுக்கு ரட்டர் உள்ள குச்சி ஒன்று வாங்கிப் பேரவை அறை அலமாரியில் வையுங்கள். நூலகம் மாதிரி ஒரு பதிவேடு. ஒருவருக்கு ரெண்டு நாள், விடுமுறை வந்தால் மூணு நாள். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை முன்னுரிமை, ஏனென்றால் அவர்களுக்கு டவுனில் வந்து ஓட்ட வழி இல்லை. குச்சியை ஒரு கனமான பலகையில் நாலு ஸ்குரூ போட்டு இறுக்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். ஸ்பிரிங் உடைந்தால் உடைத்தவரே மாற்றிக் கொடுக்க வேண்டும், கடையில் கொடுக்கக் கூடாது. எப்படிச் செய்தோம் என்று பதிவேட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு எழுதிவைக்க வேண்டும். அடுத்த வருஷம் வருகிற தம்பி தங்கைகள் அதைப் பார்த்துச் செய்துகொள்வார்கள்.